அதுவரை அவர் அங்கேயே இருக்கட்டும்

என் வீட்டுக்காரரை இன்றைக்கு ஒன்பது நாட்டு நீதிபதிகளுக்குத் தெரியும். பத்தாவதாக ஒரு நாட்டில் சட்டப் படிப்புப் பரீட்சையில் அவரைப் பற்றிக் கேள்வியே கேட்டிருக்கிறார்களாம், எங்கள் வழக்கை நடத்துகிற வக்கீல் தம்பி சொன்னான். கேட்டுவிட்டுப் போகட்டும். அவர் ஒரு லிப்ட் மெக்கானிக். ஸ்பானர் பெட்டி, முழங்கால் வலி, அடக்கத் தெரியாத நாக்கு, இவ்வளவுதான் அந்த மனுஷன். இதில் பரீட்சைக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவர் மாட்டிக்கொண்டது அந்த நாக்கினால்தான். அரசாங்கத்தின் தலைமை அலுவலகத்தில் லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு மேலதிகாரி. அவர் நடந்தால் ஃபைல் தூக்க ஒருவர், போன் தூக்க ஒருவர் என்று பின்னாலேயே ஓடுவார்களாம். லிப்டில் மட்டும் தனியாகத்தான் போவார், அடுத்தவர் விட்ட மூச்சு அவருக்கு ஆகாது. என் வீட்டுக்காரர் கம்பியை வைத்துக் கதவை நெம்பிக்கொண்டிருக்கிறார், உள்ளேயிருந்து அந்த அதிகாரி, "எவ்வளவு நேரம்யா நிக்கிறது? நான் யாருன்னு தெரியுமா?" என்று கத்துகிறார்.

இவர் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? "ஐயா, நாங்கெல்லாம் உங்க ஆபீஸ் வாசல்ல நாள்கணக்கா நிக்கிறோம். நீங்க கொஞ்ச நேரம் நிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார்.

சுற்றி நின்ற குமாஸ்தாக்கள் சிரித்துவிட்டார்கள். பாவிகள், அவர்கள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அவர் அன்றைக்கே வீட்டுக்கு வந்து, எப்போதும்போல எண்ணெய்க் கையோடு டம்ளரைத் தொட்டு என்னிடம் திட்டு வாங்கியிருப்பார். மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்து மரியாதையாகக் கூட்டிப்போனார்கள். காரணம் கேட்டேன். காரணத்தைச் சொன்னால் நாட்டின் பாதுகாப்பு என்ன ஆவது என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

நான் புருவம் திருத்திப் பிழைக்கிறவள். கடைத்தெருவில் சின்னதாக ஒரு பார்லர். சட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சடித்திருப்பதுதான்: யாரையும் காரணம் சொல்லாமல் அடைத்துவைக்கக் கூடாது. வக்கீல் தம்பி அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "அக்கா, ஆட்கொணர்வு மனு போடலாம். ஆளைக் கொண்டுவந்து முன்னால நிறுத்துங்கன்னு கேக்குறது. அரசியல் சட்டத்துல ஒரே வரி, சந்தேகத்துக்கே இடமில்ல. போனதும் வந்துடலாம்" என்றான். அவன் மேல் தப்பில்லை. அவன் அரசியல் சட்டத்தைப் படித்திருந்தான், நீதிபதிகளைப் படிக்கவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தலைமை நீதிபதி. அன்று காலையில்தான் ஏதோ வெளிநாட்டு மாநாட்டிலிருந்து வந்து இறங்கியிருந்தார். அவர் கைப்பையில் விமான நிலையத்துச் சீட்டு இன்னும் தொங்கியது. இடது பக்கத்து நீதிபதி, தலைமை நீதிபதி தலையாட்டினால் தானும் ஆட்டினார். வலது பக்கத்து நீதிபதி ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி நழுவ, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் தம்பி எழுந்து அந்த ஒற்றை வரியைப் படித்தான். தலைமை நீதிபதி கண்ணை மூடிக் கேட்டார்.

"அருமையான வரி. நானே சின்ன வயசுல மனப்பாடம் பண்ணினது. ஆனா தம்பி, இது நம்ம வரி. நாமளே எழுதி, நாமளே படிச்சு, நாமளே ஒத்துக்கிறதுல என்ன பெருமை? உலகம் என்ன சொல்லுது, அதைச் சொல்லுங்க."

"உலகம் எதைச் சொன்னாலும் இங்க எழுதியிருக்கிறது இதுதானே, ஐயா?"

"கிணத்துத் தவளையாட்டம் பேசாதீங்க." அவர் முன்னால் குனிந்தார். "போன வாரம் ஒரு பெரிய மேசை. பல நாட்டு நீதிபதிங்க சுத்தி உக்காந்து சாப்பிட்டோம். ஒவ்வொருத்தரும் அவங்க நாட்டுத் தீர்ப்பு எத்தனை நாட்டுல எடுத்துக்காட்டப்படுதுன்னு சொல்லிக்கிட்டு வந்தாங்க. என் முறை வந்துது. எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. சூப்பைக் குடிச்சிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அந்த அவமானம் எனக்கு வந்ததுன்னு நினைக்காதீங்க. இந்த நாட்டுக்கு வந்தது. கடவுளாப் பாத்து இந்த வழக்கை அனுப்பியிருக்கார். உலகத்து நீதிமன்றங்களையெல்லாம் கலந்து பேசாம இதை நான் முடிக்கப்போறதில்ல."

அதற்குள் மதியச் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது. நீதிமன்றச் சேவகன் டவாலி நாற்காலியை இழுத்துவிட்டான். தலைமை நீதிபதி அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வலது பக்கத்து நீதிபதி மெல்ல, "அந்த ஆளை என்ன பண்றது?" என்று கேட்டார். தலைமை நீதிபதி படியில் ஒரு காலை வைத்தபடி, "அதுவரை அவர் அங்கேயே இருக்கட்டும்" என்றார். சுருக்கெழுத்துப் பெண் அதையும் தட்டிக்கொண்டாள். அவளுக்கும் பசிதான்.

அதன்பிறகு நடந்ததை நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். நீதிமன்றத்தின் பின்பக்கம் சாட்சிகள் உட்காரும் அறையைக் காலி செய்து "உலகப் பிரிவு" என்று பலகை மாட்டினார்கள். சாட்சிகள் மரத்தடிக்குப் போனார்கள். கண்டம் கண்டமாகப் புத்தகங்கள் வந்து இறங்கின. நம் அரசியல் சட்டப் புத்தகத்தை ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

முதலில் அகப்பட்டது எங்கோ ஒரு பனிப்பிரதேசத்துத் தீர்ப்பு. அந்த ஊரில் கடல்நாய் வேட்டையாடுகிற ஒருவனைப் படகோடு பிடித்து வைத்திருந்தார்களாம். அந்தத் தீர்ப்பு என் வீட்டுக்காரருக்குப் பொருந்துமா என்று விசாரணை. தலைமை நீதிபதி என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் படகு ஏதாவது வச்சிருக்காரா?"

"இல்லீங்க ஐயா. அவர் லிப்ட் ரிப்பேர் பண்றவர்."

"லிப்டுல ஆளுங்க ஏறுவாங்க, இறங்குவாங்க, இல்லையா?"

"ஆமாங்க."

"நடுவுல நின்னுட்டா இறங்க முடியாது. படகும் அப்படித்தானே?"

அரசு வழக்கறிஞர் துள்ளி எழுந்து, படகு பக்கவாட்டில் போகிறது, லிப்ட் மேலும் கீழும் போகிறது, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று ஒரு வாரம் வாதாடினார். கடலில் அலை வந்தால் படகும் மேலும் கீழும் போகும் என்று எங்கள் வக்கீல் தம்பி பதில் வாதம் செய்தான். அவனும் அதற்குள் கெட்டுப்போய்விட்டான். நீதிமன்றமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பனியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஊரில் பனிக்கட்டி உடைகிற பருவம் எது என்று நிபுணர் ஒருவர் வந்து சாட்சி சொன்னார்.

ஒருநாள் வலது பக்கத்து நீதிபதி மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அரசு வழக்கறிஞரைக் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். இவரை எதுக்குப் பிடிச்சீங்க?"

அரசு வழக்கறிஞர் வெட்கப்பட்டுக்கொண்டு, "கனம் நீதிபதி அவர்களே, அது உள்ளூர் விவரம்" என்றார்.

"உள்ளூர் ஆள்தானே உள்ள இருக்கார்?"

தலைமை நீதிபதி அவர் பக்கம் திரும்பவேயில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அடுத்த விசாரணைக்குப் போனால் அந்த நாற்காலியில் வேறு ஒருவர். முன்னவரை ஏதோ ஒரு தீவில் நடக்கிற உலக நீதி ஆராய்ச்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றான் டவாலி. "பெரிய கௌரவம்மா. ராத்திரியோட ராத்திரியா வந்து கூட்டிட்டுப் போனாங்க. வீட்டுல செருப்பு மாட்டக்கூட நேரம் குடுக்கல." அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். புதிதாக வந்த நீதிபதி இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத் தலையாட்டக் கற்றுக்கொண்டிருந்தார்.

சிறையில் அவரைப் பார்க்கப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மேல்சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்கள்.

"என்னங்க இது, மாப்பிள்ளை மாதிரி?"

"வெளிநாட்டுச் சட்டக் கல்லூரிப் பிள்ளைங்க வராங்க, பாக்குறதுக்கு. என்னை ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சு, 'இவர்தான் அந்த வழக்கு'ன்னு காட்டுறாங்க. நேத்து ஒரு பிள்ளை தொட்டுப் பாக்கலாமான்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல." கையைப் பிசைந்துகொண்டார். "பேசி என்ன ஆகப்போவுது? அந்தப் பெரிய ஆஸ்பத்திரி லிப்டை இப்ப யாரு பாக்குறா? அதுல ஒரு கயிறு தேஞ்சிருந்துச்சு. போய்ச் சொல்லிடு."

எதற்கும் ஒரு குத்தல் பேச்சு வைத்திருக்கிற மனுஷன் இப்படிச் சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருவில் இறங்கி ஆள் பார்க்க அழுதேன். அவர் வெளியே வந்தால் போதும், இனிமேல் எண்ணெய்க் கையோடு எதைத் தொட்டாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வக்கீல் தம்பி ஒருநாள் பார்லருக்கு ஓடி வந்தான். ஒரு பெண்மணிக்கு ஒரு புருவம் முடிந்து மறு புருவம் பாக்கியிருந்தது.

"அக்கா! நம்ம கேஸை ஒரு வெளிநாட்டு நீதிமன்றம் எடுத்துக்காட்டியிருக்கு!"

நூலைப் போட்டுவிட்டு எழுந்தேன். "விட்டுடுவாங்களாடா?"

"இன்னும் இல்ல. ஆனா கௌரவம்க்கா!"

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று, ஒன்பதில் வந்து நின்றது. அவரைப் பிடித்துப்போனதிலிருந்து என் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்த வாடிக்கைக்காரிகள் திரும்பி வந்து என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் அசடு மாதிரி தலைவாரிக்கொண்டு நின்றேன். இத்தனை நாடுகள் பேசுகின்றன என்றால் நல்லதாகத்தானே பேசும் என்ற நம்பிக்கை.

தீர்ப்பு நாளில் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. தலைமை நீதிபதி புது அங்கி போட்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"இந்த நீதிமன்றம் பொறுமையாக் காத்திருந்துது. உலகம் பதில் சொல்லிடுச்சு. இந்த மாதிரி வழக்குல ஒரு மனுஷனை என்ன செய்யணும்னு ஒன்பது நாட்டு நீதிமன்றங்கள் ஒரே குரல்ல சொல்லியிருக்கு. கருத்து மட்டுமில்ல, வார்த்தைகூட மாறல. மனித குலத்தோட மனசாட்சி ஒண்ணுதான்கிறதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா?" தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "அதுவரை அவர் அங்கேயே இருக்கட்டும்."

கைதட்டல். நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, அது நீங்க சொன்னதுங்க! அன்னைக்குச் சாப்பிட எந்திரிச்சப்போ, இதே படியில கால வச்சுக்கிட்டுச் சொன்னீங்க. அதைத்தானே அவங்க எடுத்துப் போட்டிருக்காங்க!"

டவாலி என் தோளைப் பிடித்தான். தலைமை நீதிபதி கையை உயர்த்தி அவனைத் தடுத்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"அம்மா, நான் சொன்னப்போ அது என் வார்த்தை. பசியில சொன்னேனோ என்னமோ. ஒன்பது நாடு திருப்பிச் சொன்ன பிறகு அது சட்டம். இப்ப நானே நினைச்சாலும் மீற முடியாது."

"அப்ப எனக்கு இந்த மனுவே வேணாங்க. வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எப்படிம்மா முடியும்? மனு இப்ப உங்களோடது இல்ல. உங்க வீட்டுக்காரர் அஸ்திவாரம். அவர் மேல ஒன்பது கட்டடம் எழும்பி நிக்குது. அஸ்திவாரத்தை யாராவது வெளிய எடுப்பாங்களா? மேல இருக்கிறவங்க கதி என்ன ஆகுறது?" என்று சொல்லி, என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

"அதுவரைன்னா எதுவரைங்க ஐயா?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். அதற்காக ஒரு மாநாடு கூட்டப்போவதாகச் சொன்னார்.

கூட்டினார்கள். ஒன்பது நாட்டிலிருந்தும் நீதிபதிகள் வந்தார்கள். என்னை முன்வரிசையில், "மனுதாரர்" என்று எழுதிய அட்டை போட்ட நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு நீதிபதியும் எழுந்து மற்ற எட்டுப் பேருக்கும் நன்றி சொன்னார். எல்லோரும் எங்கள் தலைமை நீதிபதிக்கு நன்றி சொன்னார்கள். எதுவரை என்கிற கேள்வி மூன்றாம் நாள் சாயங்காலத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று சாயங்காலம் எல்லோரையும் ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிப்போய்விட்டார்கள்.

நான் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெளுத்த முகமும் கசங்கிய கோட்டுமாக ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பேசியது ஒரு சொல்லும் புரியவில்லை. கைபேசியில் எதையோ அழுத்தி அதை என்னிடம் நீட்டினாள். அது நம் மொழியில், உணர்ச்சியில்லாத குரலில் பேசியது.

"அந்த மனுவைப் போட்ட பெண் நீங்கள்தானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"என் கணவர் பேருந்து ஓட்டுநர். உங்கள் கணவரின் வழக்கைக் காட்டி அவரை அடைத்து வைத்திருக்கிறார்கள். எப்போது விடுவீர்கள் என்று எங்கள் நீதிபதியைக் கேட்டேன். அந்த நாட்டில் அவரை விட்டதும் இவரையும் விடுகிறோம் என்றார். ஆகவே வந்தேன். உங்கள் கணவரை எப்போது விடுவார்கள்?"

எங்கள் தலைமை நீதிபதி அதே நாளில் காலையில்தான், முதலில் அவர்கள் விடட்டும், நாம் முந்திக்கொண்டால் மரியாதையாக இருக்காது என்று வக்கீல் தம்பியிடம் சொல்லியிருந்தார். அதை நான் கைபேசிக்குள் சொன்னேன். அது அவள் மொழியில் சொன்னது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். அதற்கு மெஷின் வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை இரண்டு பேரும் சேர்ந்து மேடைக்கு முன்னால் போய், உங்கள் இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் விடுங்கள் என்று கேட்பது என்று பேசி முடித்தோம். எனக்குப் பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

விடிவதற்குள் வந்துவிட்டார்கள். முன்பு வந்த அதே இரண்டு பேர், அதே மரியாதை.

"எதுக்குங்க?" என்றேன். இந்தத் தடவை காரணத்தை அவர்கள் மறைக்கவில்லை.

"உள்நாட்டு வழக்கைப் பத்தி வெளிநாட்டு ஆளோட கலந்து பேசியிருக்கீங்க. நாட்டோட இறையாண்மை என்னம்மா ஆகுறது?"

என் நாத்தனார் எனக்காக ஒரு ஆட்கொணர்வு மனு போட்டாள். அண்ணனும் உள்ளே, அண்ணியும் உள்ளே. பார்லர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்து நின்றாள். என்னை நேரிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். வக்கீல் தம்பி எழுந்து, "நம்ம அரசியல் சட்டத்துல..." என்று ஆரம்பித்தான்.

"எந்த நாட்டுல அதை எடுத்துக்காட்டியிருக்காங்க?" என்றார் தலைமை நீதிபதி. அவன் உட்கார்ந்துவிட்டான். அவர் என்னை அடையாளம் கண்டு பரிவோடு தலையசைத்தார். "அம்மா, இந்தத் தடவை உங்களைக் காக்க வைக்க மாட்டோம். யாரையும் கேக்க வேண்டிய தேவையே இல்ல. லிப்ட் மெக்கானிக் வழக்குல எல்லாம் முடிவாகியிருக்கு." அவ்வளவுதான், பேனாவை வைத்துவிட்டார்.

என்னைக் கீழே இறக்கும்போதுதான் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு வரிசை வாசல் தாண்டி நின்றது. ஆசிரியர், காய்கறி விற்கிறவர், கல்யாணம் நிச்சயமான ஒரு பெண், இன்னும் யார் யாரோ. டவாலி பெயரைக் கூப்பிடக் கூப்பிட, தலைமை நீதிபதி "லிப்ட் மெக்கானிக் வழக்கு" என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராகப் பின்பக்கத்து வேனுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி ஒரு வேகமான நீதியை அந்தக் கட்டடம் கண்டதில்லை.

வேனில் என் பக்கத்தில் அந்தக் கல்யாணப் பெண்தான் உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"யாருக்கா அந்த லிப்ட் மெக்கானிக்? அவன் பேரைச் சொல்லித்தானே எங்க எல்லாரையும் அள்ளிப் போடுறாங்க? அப்படி என்ன பாவம் பண்ணினான் அவன்? அவன் நாசமாப் போக" என்றாள். வேனிலிருந்த எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

இந்த ஜன்மத்தில் ஒருத்தி என் வீட்டுக்காரரைத் திட்டி நான் சும்மா விட்டதில்லை. வாயைத் திறந்தேன். அவள் கையில் இன்னும் நிச்சயதார்த்த மோதிரம் இருந்தது. அதைக் கழற்றி எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் விரலைச் சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.